ஒட்டகத்துக்கு ஒற்றைக்கால்

பிரேமலதாவுக்கு வண்டி ஓட்டுவதில் ஒரு பிரச்சினையும் கிடையாது. நிறுத்துவதில்தான் எல்லாப் பிரச்சினையும். ஓடுகிறவரை அந்த வண்டி அவள் பேச்சைக் கேட்கும். மேடு, பள்ளம், வாய்க்கால் கரை, நடுரோட்டில் படுத்திருக்கும் எருமை எல்லாவற்றையும் ஒரு மாமனார் தோரணையோடு கடந்து போகும். நின்றுவிட்டால் போதும், உடனே படுத்துக்கொள்ள வேண்டும் என்று அதற்கு ஆசை வந்துவிடும்.

விற்கிறவர்கள் பாஷையில் அது அட்வெஞ்சர் பைக். கொக்கு மாதிரி நீண்ட மூக்கு, ஆளுயரக் கண்ணாடி, இடுப்புக்கு மேலே இருக்கை. பிரேமலதா ஏறி உட்கார்ந்தால் இரண்டு பாதங்களில் ஏதாவது ஒன்றின் விரல் நுனி மட்டும் தரையைத் தொடும். எந்தப் பாதம் என்பதை வண்டி முடிவு செய்யும். ஊர் அதற்கு ஒட்டகம் என்று பெயர் வைத்தது. பொருத்தமாக இருந்ததால் அவளும் மறுக்கவில்லை.

கல்லிடைக்குறிச்சி அனந்தநாராயணன் சாரின் மகன் கிரீஷ், லடாக் போவதற்காக வாங்கிய வண்டி அது. கிரீஷ் லடாக்குக்குப் போகவில்லை, கனடாவுக்குப் போய்விட்டான். வண்டி உறை போர்த்தியபடி வீட்டு நடையில் நின்றது. சார் கொல்லைப்பக்கம் போவதென்றால்கூட வயிற்றை எக்கிக்கொண்டு பக்கவாட்டில்தான் போக வேண்டியிருந்தது. பிரேமலதா வாங்கிக்கொள்கிறேன் என்றதும் அவர் விலை பேசவில்லை. "எடுத்துண்டு போம்மா, உனக்குப் புண்ணியமாப் போகும்" என்று சாவியை அவள் கையில் வைத்து அழுத்தினார்.

பிரேமலதா அவள் வீட்டில் முதல் பட்டதாரி. இயற்பியல். அரசுத் தேர்வுகளை எழுதி எழுதி, கடைசியில் ஒரு விதைக் கம்பெனியில் களப் பணியாளராகச் சேர்ந்திருந்தாள். அம்பாசமுத்திரத்திலிருந்து பாபநாசம் வரைக்கும் வயல்வயலாகப் போய், நாற்று எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். பழைய ஸ்கூட்டர் ஆற்றுப் பாதைகளில் முனகி முனகியே உயிரை விட்டது. ஆகவே பெரிய வண்டி தேவைப்பட்டது. இது அவள் வெளியில் சொல்லும் காரணம். உண்மையிலேயே தேவைக்காகத்தான் வாங்கினோமா, அல்லது வரப்பில் நிற்கிற ஆட்கள் ஒருமுறையாவது அண்ணாந்து பார்க்கட்டும் என்று வாங்கினோமா என்று தன்னைத்தானே பலமுறை விசாரித்திருக்கிறாள். அந்த விசாரணையில் அவளே வக்கீல், அவளே கைதி. தீர்ப்பு மட்டும் ஒத்திவைக்கப்பட்டுக்கொண்டே போனது.

அவள் அப்பா சுடலையாண்டி அம்பாசமுத்திரம் நெல் மண்டியில் மூட்டை தூக்கும் லோடுமேன். வண்டி வீட்டுக்கு வந்த அன்று, தையல் சரியில்லாத மூட்டையைப் பார்ப்பதுபோல அதைச் சுற்றிச்சுற்றிப் பார்த்தார்.

"ஏட்டி, இது நிக்குமா?"

"நிக்கும்ப்பா."

"ஒத்தக் கால்லயா?"

"அதுக்குப் பேரு சைடு ஸ்டாண்டுப்பா."

"இம்புட்டுக் கனத்துக்கு ஒத்தக் காலு. செஞ்சவனுக்குக் கூறு கெடையாதா?" அவர் ஸ்டாண்டைக் கால் பெருவிரலால் லேசாகத் தட்டிப் பார்த்தார். "இது ஒம்மேல சரிஞ்சா என்ன ஆகும்? காலு முருங்கக்கா மாதிரி ரெண்டாப் போயிரும். இந்தா பாரு. ஒரு தடவ. ஒரே ஒரு தடவ இது கீழ விழுந்துட்டுன்னா, மறுநாளே வித்துப்புடணும். சம்மதமா?"

"சம்மதம்."

"சத்தியம் பண்ணு."

"உங்க மேலயா?"

"எம்மேல எதுக்கு? அந்த ஒட்டகத்து மேல பண்ணு."

டேங்க்கின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தாள். பக்கத்து வீடுகளுக்கும் கேட்டது. சாயங்காலத்துக்குள் டீக்கடைக்கும் தெரிந்துவிட்டது. அதன் பிறகு ஊரில் பாதிப் பேருக்கு வேலையே ஒட்டகம் விழுகிறதா என்று பார்ப்பதுதான்.

மற்றவர்கள் வெயிலில் போனால் நிழலைத் தேடுவார்கள், பிரேமலதா சமதளத்தைத் தேடினாள். திருநெல்வேலிச் சீமையில் சமதளம் என்று ஒன்று இல்லவே இல்லை என்பதை அவளுக்கு முன்னால் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. இடதுபக்கம் தரை உயர்ந்திருந்தால் வண்டி போலீஸ்காரர் மாதிரி விறைத்து நிற்கும். காற்றடித்தால் வலப்பக்கம் போய்விடும். இடதுபக்கம் தாழ்ந்திருந்தால் குடிகாரன் மாதிரி ஓவராகச் சாயும். மூக்கு சரிவைப் பார்த்து நின்றாலோ, வண்டி துளி முன்னால் உருண்டால் போதும், ஸ்டாண்டு தானாகப் பின்னால் மடங்கிக்கொள்ளும். அதனால் மூக்கு எப்போதும் மேட்டைப் பார்க்க வேண்டும். ஸ்டாண்டைக் கடைசிவரை முன்னால் தள்ள வேண்டும். முதல் கியரில் போட்டு, முன்பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கி, ஹேண்டிலை இடதுபக்கம் முழுக்கத் திருப்ப வேண்டும். அப்புறம் ஒரு மூச்சு விட்டுவிட்டு மெல்லக் கையை எடுக்க வேண்டும். அவள் வாங்கிய பட்டத்துக்கு இதுவரை கிடைத்த ஒரே உபயோகம் இதுதான்.

வயல்காட்டு மண்ணில் ஸ்டாண்டு புதையும். அதற்கு ஒரு தகரத் துண்டைச் சதுரமாக வெட்டி, ஓரத்தில் ஓட்டை போட்டு, கயிறு கட்டி வைத்திருந்தாள். நிறுத்தும்போது கீழே போட்டு அதன்மேல் ஸ்டாண்டை ஊன்றுவாள். புறப்படும்போது கயிற்றைப் பிடித்து மேலே இழுத்துக்கொள்வாள்.

"ஒட்டகத்துக்குச் செருப்பு போடுதா பாரு" என்றார்கள் டீக்கடையில்.

"ஏ லதா, அந்தக் காலுக்குக் கொலுசு எப்பளா?"

"உங்க வீட்டுக் கல்யாணத்துக்குப் போட்டுக்கிட்டு வாறேன் மாமா" என்று சொல்லிவிட்டு, கையை எடுக்கும் முன் இன்னொரு மூச்சு விட்டுக்கொள்வாள்.

சித்திரை வெயிலில் ஒருநாள் பாபநாசம் ரோட்டோரம் நிறுத்திவிட்டு நன்னாரி சர்பத் குடித்துக்கொண்டிருந்தாள். தகரச் செருப்பைப் போட மறந்திருந்தாள், தார்ச்சாலைதானே என்ற அலட்சியம். தார் இளகி, ஸ்டாண்டு இறங்கி, ஒட்டகம் பெரியவர்களுக்கு வணக்கம் வைப்பதுபோல் கொஞ்சம் கொஞ்சமாகக் குனிந்தது. அவள் கிளாஸோடு ஓடிப்போய்ப் பிடித்துவிட்டாள். சர்பத் முழுக்க டேங்க்கில் கொட்டியது. அவள் வீட்டுக்குப் போவதற்குள் செய்தி போய்ச் சேர்ந்திருந்தது.

"சாஞ்சுட்டாமே?" என்றார் சுடலையாண்டி.

"சாயத்தான் செஞ்சுச்சு. விழல."

"ம்" என்றார். தூண்டிலைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பவனின் 'ம்' அது.

ஆடி மாதம் சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழா வந்தது. அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. அந்த வருஷம் ஊருக்குள் வந்த வண்டிகளை எல்லாம் மதியக் கொடைக்கு முன்னால் சாமி முன் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். மூக்கு பீடத்தைப் பார்த்திருக்க வேண்டும். வண்டிக்காரர் முன்னால் போய்ப் பீடத்தைப் பார்த்துக் கும்பிட்டு நிற்க, தாய்மாமன் பின்னாலிருந்து தள்ளி, சக்கரத்தின் கீழ் வைத்த எலுமிச்சம்பழத்தை நசுக்க வேண்டும். சைக்கிள் காலத்தில் ஏற்பட்ட வழக்கம். ஒட்டகம் வரும் என்று அன்றைக்கு யார் கண்டார்கள்.

கோயில் இருப்பது ஆற்றங்கரையில், மருத மரங்களுக்கு நடுவே. ரோட்டிலிருந்து பீடம்வரை தரை ஒரே இறக்கம். பிரேமலதா முந்தின நாளே போய் நின்று பார்த்துவிட்டு வந்தாள்.

"எம்மா, நான் வண்டிய மேட்டப் பாத்துத்தான் நிப்பாட்டுவேன்."

அவள் அம்மா பேச்சித்தாய் முளைப்பாரிக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். "சாமிக்கு முதுகக் காட்டியாட்டி? உனக்குப் படிப்பு ஏறுனதுல மண்ட கலங்கிட்டா?"

பிரேமலதா முதுகைக் காட்டித்தான் நிறுத்தினாள். மேளம் உச்சத்தில் இருந்தபோது சுடலை வந்தார். சுடலை என்பது அவள் தாய்மாமன் மணிராஜ். மற்ற நாட்களில் அம்பாசமுத்திரத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுவார். கொடை அன்று கச்சையும் சலங்கையும் கட்டி, கையில் ஈட்டியோடு சாமியாடுவார். வரிசையாக நின்ற வண்டிகளுக்குத் திருநீறு போட்டுக்கொண்டே வந்தவர், ஒட்டகத்தின் வால் விளக்குக்கு முன்னால் வந்ததும் நின்றுவிட்டார். கண் சிவந்தது.

"ஏ! எனக்கு முன்னால எவம்லே பின்னத்தியக் காட்டிக்கிட்டு நிக்கான்?"

"நாந்தான் சாமி" என்றாள் பிரேமலதா. "முகத்தக் காட்டுனா எறக்கத்துல உருண்டு விழுந்துரும்."

"நான் இங்கன இருக்கையில விழுமா?"

பெண்கள் குலவையிட்டார்கள். இந்தக் கேள்வி எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. விழும் என்றால் சாமி குற்றம், விழாது என்றால் திருப்ப வேண்டும். அவள் திருப்பினாள். நாலைந்து பேர் பிடித்தார்கள். தகரச் செருப்பைப் போட்டு, ஸ்டாண்டைக் கடைசிவரை தள்ளி, முதல் கியரில் போட்டு, ஹேண்டிலை இடதுபக்கம் ஒடித்துவிட்டுக் கையை எடுத்தாள். ஒட்டகம் நின்றது. கியரின் பிடியில், ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றது.

சாமி முகவிளக்கில் திருநீற்றை அப்பிவிட்டு, அவள் நெற்றிக்கு வந்தவர், காதோரம் குனிந்து மெல்லக் கேட்டார்.

"ஏட்டி, கியர்ல கெடக்கா?"

"கெடக்கு மாமா."

"சரி. பைய முன்னால போயிக் கும்புடு" என்றவர் நிமிர்ந்து பெரிதாக ஓங்காரமிட்டார். கேட்டது மாமனா, சுடலையா என்று அவளால் இன்றுவரை முடிவு செய்ய முடியவில்லை. சுடலைக்கும் கியர் தெரிந்திருக்கலாம்.

அவள் பீடத்துக்கு முன்னால் போய்க் கைகூப்பி நின்றாள். சுடலையாண்டி, தேங்காய் பழத் தாம்பாளத்தோடு வண்டிக்கு இடப்பக்கம் நின்றார். யாரோ முன்சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழத்தை வைத்தார்கள்.

இனி வண்டி உருள வேண்டும் என்றால் கியரில் இருக்கக் கூடாது. மணிராஜ் இருபது வருஷ ஓட்டுநர், அது அவருக்குத் தெரியும். சலங்கைக் காலால் கியரை ஒரு தட்டுத் தட்டி நியூட்ரலுக்குக் கொண்டுவந்தார். ஹேண்டிலையும் நேராக்கினார். ஆனால் அவர் இருபது வருஷமும் ஓட்டியது ஆட்டோ. ஆட்டோவுக்கு மூன்று சக்கரம். ஸ்டாண்டு என்று ஒரு பொருள் உலகத்தில் இருப்பதே ஆட்டோக்காரர் ஞாபகத்தில் இருக்காது. அவர் பின்னால் போய், "சுடலே!" என்று கத்தி, ஒரே தள்ளாகத் தள்ளினார்.

பிரேமலதாவின் முதுகுக்குப் பின்னால் 'டக்' என்று ஒரு சத்தம். ஸ்பிரிங் இழுத்து ஸ்டாண்டு மடங்குகிற சத்தம். மேளத்துக்கு நடுவிலும் அது அவளுக்குக் கேட்டது. திரும்பினாள்.

ஒட்டகம் இடப்பக்கமாகச் சரிந்துகொண்டிருந்தது. அங்கே சுடலையாண்டி நின்றார். அவர் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை, கொஞ்சம் விலகிக்கொண்டால் போதும். இத்தனை மாதம் அவர் காத்திருந்தது இதற்குத்தான்.

ஆனால் மண்டியில் அடுக்கு சரியும்போது யாரும் யோசிப்பதில்லை. சரிகிற மூட்டையைக் கண்டால் லோடுமேனின் உடம்பு தானாக அதன் அடியில் போய்விடும். சுடலையாண்டியின் உடம்பும் போனது. தாம்பாளம் பறந்தது. இடுப்பை டேங்க்கிலும் தோளை ஹேண்டிலிலும் கொடுத்து, ஒரு முழங்காலை மண்ணில் ஊன்றி, ஒட்டகத்தை அந்தரத்தில் தாங்கிக்கொண்டு, "புடிங்கலே!" என்று அலறினார்.

மேளம் நின்றது. பிரேமலதா வலப்பக்கம் ஓடிப்போய் இழுக்க, சாமி ஈட்டியைப் போட்டுவிட்டுப் பின்பக்கம் தூக்க, மற்றவர்களும் சேர்ந்து வண்டியை நிமிர்த்தினார்கள். அவள் மறுபடி ஸ்டாண்டைப் போட்டு, கியரில் போட்டு, செருப்பையும் போட்டாள்.

சுடலையாண்டி தரையில் உட்கார்ந்து இடுப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார். என்ன செய்தோம் என்பது அப்போதுதான் அவருக்கே புரிந்ததுபோல முகம் கோணியது.

கூட்டத்தில் ஒருவர் ஆரம்பித்தார். "அண்ணாச்சி, ஒட்டகம் விழுந்துட்டுல்லா? சத்தியம் என்னாச்சு? நாளைக்கு வித்துர வேண்டியதுதான்."

எல்லோரும் பிரேமலதாவைப் பார்த்தார்கள். அவளிடம் வாதம் இருந்தது. நான் நிறுத்தியவரை நின்றது, தள்ளியது வேறு ஆள் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் வண்டி விழுந்தால் என்றுதான் சத்தியம் செய்தாளே தவிர, யாரால் விழுந்தால் என்று செய்யவில்லை. அப்பா பக்கம் திரும்பினாள்.

"எப்பா, விழுந்துட்டு. பேசுனபடி வித்துருதேன்."

சுடலையாண்டி அவளைப் பார்த்தார். பிறகு வண்டியைப் பார்த்தார். கையை ஊன்றி எழுந்து, உள்ளங்கையை வேட்டியில் துடைத்துவிட்டு, நொண்டியபடி போய், அதன் இடப்பக்கத்தை மேலிருந்து கீழ்வரை தடவினார். உள்ளங்கையைத் திருப்பிக் கூட்டத்துக்குக் காட்டினார். மண் இல்லை.

"எவன்லே சொன்னது விழுந்துட்டுன்னு? கீழயா விழுந்துச்சு? எம்மேலல்லா விழுந்துச்சு. எம்மேல விழுந்தா விக்கணும்னு ஒரு பேச்சும் கெடையாது."

"நாந்தான் அப்பமே சொன்னேம்லா" என்றார் சாமி, குரலில் கம்பீரத்தைத் திரும்பக் கொண்டுவந்து. "நான் இருக்கையில விழாதுன்னு."

சுடலையாண்டி சாமி பக்கம் திரும்பினார். "லே மச்சான், வாயப் பொத்திக்கிட்டு நில்லு. ஸ்டாண்ட எடுக்காமத் தள்ளிப்புட்டுப் பேச்சு வேறயா? எம்புள்ள பொன்னாட்டம் நிப்பாட்டி வச்சிருந்தா. கூறுகெட்ட சாமி!"

இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு அவர் திட்டிக்கொண்டே இருந்தார். சுடலைமாடன் தலையைச் சொறிந்தார். பிறகு, ஆற்றுப்பக்கம் உருண்டோடிய தேங்காயைத் தேடி, சலங்கை குலுங்க இறங்கிப் போனார்.