பின்னால இருந்து வர்ற குரல்

இன்னைக்கு மடுல்கெல்ல தேயிலைத் தோட்டத்துல மனநோயைப் பத்தி வீதி நாடகம் போட்டோம். காதுல குரல் கேக்குற பொண்ணா நான் நடிச்சேன்.

நான் மட்டும் கண்டிக்குத் திரும்புற பஸ்ஸுல, நாடகம் பார்த்த ஒரு அக்கா பக்கத்துல வந்து உக்காந்தாங்க.

"குரல் கேக்குறப்ப நீங்க முன்னால பார்த்தீங்க தங்கச்சி. அது பின்னால இருந்துதான் வரும்."

"உங்களுக்குக் கேக்குமாக்கா?"

"ஆறு வருஷமா. யார்கிட்டயும் சொன்னதில்ல."

"இப்பவும் கேக்குதா?"

"இவகிட்ட பேசாதன்னு சொல்லுது." பின் சீட்டுக்குக் கேக்காத மாதிரி மெதுவாச் சொன்னாங்க.

திரும்பிப் பார்த்தேன். பின் சீட்டு காலி.

திங்கக்கிழமை மனநல கிளினிக்குக்கு நானும் கூட வர்றேன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் எதையோ கேட்டுக்கிட்டிருந்தாங்க. அப்புறம் "சரி"ன்னாங்க.

இன்னும் நாலு தோட்டத்துல நாடகம் இருக்கு. அங்கயும் இப்படி யாராவது பக்கத்துல வந்து உக்காரலாம், தனியா பஸ் ஏற எனக்குத் தைரியமில்ல. நம்ம நாடகக் குழுவுல யாரு கூட வர்றீங்க?