ராசா என்பவரும் மாரிமுத்து என்பவரும்

மடுல்சீமை மலைக்கு யாராவது பைலோடு ஏறி வந்தால் இராக்கம்மா முதலில் அவர்களுடைய கையைத்தான் பார்ப்பார். கையில் பேனை இருந்தால் பதில் குறையும். நாற்பது வருடம் தேயிலைக் கொழுந்து பறித்து, அறுபத்து நான்கு வயதாகியும் இந்தப் பழக்கம் மாறவில்லை. அவருக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது ஏதோவொரு படிவத்தில் 'இந்திய வம்சாவளி' என்று எழுதித்தான் சித்தப்பாமார் இருவரையும் தலைமன்னாரில் கப்பல் ஏற்றினார்கள். அவர்கள் திரும்பி வரவில்லை.

சென்ற ஆனியில் வந்தவர் சதீஸ்குமார், பதுளையில் சரித்திரம் படிப்பிக்கும் ஆசிரியர். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தில் இராக்கம்மாவின் ஒற்றை அறைக் காம்பராவை எல்லோரும் 'ராசா வீடு' என்று சொல்வதைக் கேள்விப்பட்டு வந்திருந்தார்.

"ஒங்க அப்பா பேரு ராசாவாமே அம்மா?"

"யாரு சொன்னா?"

"எரநூறு வருசத்துக்கு முந்தி கண்டி ராசாவ வெள்ளக்காரன் புடிச்சு, சொந்தக்காரங்களோட வேலூருக்குக் கப்பல் ஏத்துனான். மூணு வருசத்துக்குள்ள இந்த ஊவா மாகாணமே கலகத்துக்குக் கெளம்பிருச்சு. ராசாவுக்குச் சொந்தம்னு ஒருத்தர் முன்னால நின்னாரு. கலகத்த அடக்க வயலு, வீடு எல்லாத்தையும் எரிச்சாங்க. தப்பிச்ச ஆளுங்க யாராச்சும் இந்த மலையில…" அவர் கொப்பியைத் திறந்தார். "ஒங்க வம்சாவளிய ஒருக்கா சொல்லுங்க."

ஓர் அரச வம்சம் அழிந்த கதையில் இராக்கம்மாவின் காதில் விழுந்தவை இரண்டே சொற்கள். கப்பல், வம்சாவளி.

"எங்கப்பா பேரு மாரிமுத்து. ராசாவும் இல்ல, மந்திரியும் இல்ல. தேத்தண்ணியக் குடிச்சிட்டு எறங்குங்க மாஸ்டர், பஸ் போயிரும்."

அது பொய்யல்ல. அப்பாவுக்கு வைத்த பெயர் மாரிமுத்துதான். வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டுக்குத் தினமும் கடைசி ஆளாக வருவார். "வாங்க ராசா, பல்லக்கு லேட்டோ?" என்று கங்காணி நக்கலடிக்க, அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது.

அடுத்த கிழமை கிராம சேவகர் வந்தார். லயத்தாருக்கு வீடு கட்ட ஏழு பேர்ச் காணி கிடைக்கப் போகிறது, உறுதிப் பத்திரம் எழுத அப்பா பெயர் வேண்டும் என்றார். மாஸ்டரும் இவரும் ஒரே வேலையாகத்தான் வந்திருக்கிறார்கள் என்று இராக்கம்மா முடிவு கட்டினார். மாற்றிச் சொன்னால் பிடித்துவிடுவார்கள். "மாரிமுத்து" என்றார்.

அப்பாவின் பிரஜாவுரிமைப் பத்திரத்திலோ 'ராசா' என்று இருந்தது. அன்று எழுதியவர் ஆட்கள் கூப்பிட்டதையே எழுதிவிட்டார். காணிப் பட்டியலில் இராக்கம்மாவின் பெயர் வெட்டுப்பட்டது. வெள்ளிக்கிழமைக்குள் சத்தியக்கடதாசி கொடுத்தால்தான் திரும்ப ஏறும்.

வியாழன் காலை பதுளைக்கு பஸ் ஏறினார். போட்டோகொப்பிக் கடை வாஹித், எல்லோருக்கும் 'நானா', சத்தியக்கடதாசிகளை அத்தாட்சிப்படுத்தும் சமாதான நீதவானும்கூட. கம்ப்யூட்டரில் அடித்து, தாளை எடுத்து வாசித்தார்.

"ராசா என்பவரும் மாரிமுத்து என்பவரும் ஒருவரே. சரியா?"

"ராசான்னு போட்டா யாரும் தேடி வருவாங்களா, நானா?"

"ஏன், கண்டியில சிம்மாசனம் காலியா கெடக்கா?"

"சிரிக்காதீங்க. இது எங்கெங்க போகும்?"

"கிராம சேவகருக்கு மட்டுந்தான்."

"அந்தப் பொட்டிக்குள்ள இருக்கிறது?"

வாஹித் பெருமூச்சோடு கம்ப்யூட்டரை அவர் பக்கம் திருப்பி, அவர் பார்க்கவே அழித்தார்.

"இப்ப எங்க போச்சு?"

"குப்பைக்கு."

"குப்பையையும் அள்ளிருங்க நானா."

அள்ளினார். அதன் பிறகே இராக்கம்மா பேனையைக் கையில் வாங்கினார்.