சாத்தம் பாலத்தில் அசையாமல் நின்றவர்கள்

போர்ட் பிளேரில் அடுத்தவர் முகத்தை வைத்துப் பிழைத்தவர் நாகூர் கனி. அபர்தீன் பஜாரில் ஸ்டுடியோ வைத்திருந்தார். பொதுப்பணித் துறை குமாஸ்தாவான என்னைத் திருடன் மாதிரிப் படம் எடுத்துக் கொடுத்த புண்ணியவான். ஆனாலும் சிநேகிதர்.

கல்யாணம் முடிந்த கையோடு கப்பலேறி வந்திருந்தார். மனைவி மஸூதா கீழக்கரையில். அந்தமான் இருட்டுக்கு மகளை அனுப்ப மாட்டேன் என்று மாமனார் ஒற்றைக் காலில் நின்றார். ஸ்டுடியோவை மூடிவிட்டு ஊர் திரும்ப வேண்டும், இல்லையென்றால் மஸூதாவை மறக்க வேண்டும். கனி பாய்க்கு இரண்டுக்கும் மனசில்லை.

ஊரில் வெளிச்சம் இருப்பதைக் காட்டிவிட்டால் போதும் என்று கிளம்பினார். அறுபதுகளின் தொடக்கத்தில் இங்கே வெளிச்சம் ஏது? மெட்ராஸ் கப்பல் அந்தி சாய்ந்து வரும் நாட்களில் மட்டும் ஊரே லாந்தரும் டார்ச்சுமாகப் பாலத்தைக் கடந்து, கப்பல் அணையும் சாத்தம் ஜெட்டிக்கு ஓடும். அப்படி ஒரு நாள் பாலத்தைப் பார்த்த ஹாடோ மேட்டில் கேமராவை நிறுத்தினார். லென்ஸ் மூடியைக் கழற்றிவிட்டு ஒரு பீடியை ஆற அமரப் புகைத்தார். இவருக்கு மறை கழன்றுவிட்டது என்று நினைத்தேன்.

கழுவிய படத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். பாலம் நெடுக வெளிச்சம் கோடு கோடாக ஓடியது. தண்ணீருக்குள்ளும் ஓடியது. தினமும் திட்டிக்கொண்டே நான் நடந்த ஊரா இது?

படம் கீழக்கரை போனது. மாமனாரின் பதில் அடுத்த கப்பலில் வந்தது. விளக்கு மட்டும் நடக்கிறது, ஆளைக் காணோம், ஜின் குடியிருக்கும் ஊருக்கு எவன் பெண்ணை அனுப்புவான் என்று எழுதியிருந்தார். ஒரு பீடி நேரம் மூடி திறந்தே இருந்ததால் நடந்தவர்கள் யாரும் பிலிமில் ஒட்டவில்லை, விளக்குகள் மட்டுமே ஒட்டின. தொழில் தெரிந்த மனுஷனுக்கு இது தோன்றவில்லை பாருங்கள்.

மறுபடி கப்பல் வந்த மாலையில் பாலத்து வாயிலேயே கேமராவோடு நின்றார். விளக்கை முகத்துக்கு நேரே பிடித்து அசையாமல் நிற்கும்படி ஓட்டை இந்தியில் கெஞ்சினார்.

"பீவி கா மாமலா ஹை, பாய் லோக். ஹில்னா மத்."

பெண்டாட்டி விவகாரத்தைக் கடைத்தெருவுக்குக் கொண்டுவந்துவிட்டாரே என்று எனக்கு மானம் போனது. கப்பலில் வரும் வெங்காயத்துக்கும் சொந்தபந்தத்துக்கும் ஓடுகிறவர்கள் நிற்பார்களா? இடுப்பில் பிள்ளையோடு வந்த ஒரு வங்காளப் பெண் முதலில் நின்றாள். லாந்தரை முகத்தருகே தூக்கினாள். பிறகு ராஞ்சிக் கூலிகள், மரம் அறுக்கும் மில்லின் மலையாளத்து ஆட்கள், தெலுங்கு மீனவர்கள். கப்பல் ஊதியது. ஒருவரும் அசையவில்லை. எத்தனையோ கோயில் பார்த்தவன் நான். அப்படி ஓர் அமைதியை எங்கும் பார்த்ததில்லை. நானும் டார்ச்சை என் முகத்துக்கு அடித்துக்கொண்டேன்.

அந்தப் படம் போன பிறகு மஸூதா வந்தாள். ஜெட்டியில் கனி பாய் கையை நீட்ட, அவள் அவரைத் தாண்டிக் கூட்டத்துக்குள் போனாள். படத்தில் பார்த்த வங்காளப் பெண்ணின் முன்னால் நின்றாள்.

"அக்கா, ஒங்க புள்ள மட்டும் ஆடிட்டான். படத்துல மொகமே இல்ல. கப்பல் பூரா அதையேதான் நெனச்சிக்கிட்டு வந்தேன்."

அந்த வங்காளப் பெண்ணுக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. பிள்ளையைத் தூக்கி மஸூதாவின் கையில் கொடுத்தாள்.