தையல்நாயகி கேட்ட உள்ளான்

பறவை ஆராய்ச்சிக்காரர் ஒருவரின் உள்ளான் குருவியை நோணாங்குப்பத்து அம்மாவாசை தின்றுவிட்டதாக 1978-இல் ஊரெல்லாம் பேச்சு. விசாரித்தால், அவன் ஒரு எலும்பைக்கூடக் கடிக்கவில்லை.

உள்ளானை வலையில் பிடித்து, காலில் வளையம் மாட்டிப் பறக்கவிடுவது அவரிடம் அவன் பார்த்த வேலை. கறிக்கென்று ஒன்றைத் தொட்டாலும் வேலை போய்விடும். மசக்கையில் கிடந்த மனைவி தையல்நாயகி கேட்டதோ உள்ளான் கறி.

ஒருநாள் வலையிலேயே ஒன்று செத்தது.

"செத்தது எப்படிங்கய்யா பறக்கும்? நான் எடுத்துக்கிறேன்."

"மியூசியத்துக்கு வேணும்பா!"

ஆராய்ச்சிக்கார ஐயா தோலை உரித்துப் பாஷாணம் தடவிப் பஞ்சடைத்தார். விஷம் பட்டிருக்குமென்று கறியைப் புதைக்கச் சொன்னார். குழி வெட்டியவனும் அம்மாவாசைதான்.

"செத்த பறவைக்கு வவுறு நெறைய பஞ்சு. எனக்கு?" என்றாள் தையல்நாயகி.

"நாளைக்குத் தரேன்டி."

பிரசவத்தில் அவள் போய்விட்டாள். வருஷா வருஷம் அவளுக்குப் போடும் படையல் இலையில் வடை இருக்கிறது, உள்ளான் இல்லை. உள்ளான்களுக்கு அவன் இன்னும் வளையம் மாட்டிக்கொண்டிருக்கிறான். அவளுக்குத் தருவதாகச் சொன்ன ஒன்று மட்டும் பாக்கி நிற்கிறது.