ஏழாம் நாள் ஓடிய ஃபேன்

நான் உதிரி பாகங்களைச் சேர்த்துக் கம்ப்யூட்டர் பூட்டுகிறவன். தாய்பேயின் மின்னணுச் சந்தையில், ஐந்தாவது மாடியில், பத்தொன்பது வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். மீட்டர் காட்டாத எதையும் நம்பிப் பழக்கமில்லை. ஆனால் கீழே எழுதியிருப்பது எனக்கு நடந்தது. நேரங்களை அன்றிரவே கைபேசியில் குறித்துக்கொண்டேன். அன்று நான் செய்த ஓர் ஏமாற்று வேலையையும் சேர்த்தே சொல்கிறேன். அதை மறைத்தால் மற்றதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

சில வருடங்களுக்கு முன், ஒரு நவம்பர் மாதம், திங்கட்கிழமை மதியம். அறுபத்தைந்து வயதிருக்கும் ஒருவர் கடைக்கு வந்தார். நாளிதழில் சுற்றியிருந்த ஒரு பவர் சப்ளையை, கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டியை, மேசைமேல் வைத்தார்.

"மாஸ்டர், இதுக்கு உயிர் வருமா?"

முகர்ந்து பார்த்தேன். கருகிய வாடை. "வராதுங்க. புதுசுதான் போடணும்."

"நாளைக்கே வீட்டுக்கு வந்து போட்டுடணும். நாளை ராத்திரி பதினொண்ணு அடிச்சா என் பொண்ணுக்கு ஏழாம் நாள்."

திருப்பிப் பார்த்தேன். என் கடையின் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. எனக்கு அந்தப் பெண் நினைவுக்கு வந்தாள். யாச்சி. அதற்கு மூன்று வருடம் முன் நான் பூட்டிக் கொடுத்த மெஷின். விளம்பரக் கம்பெனிகளுக்கு அனிமேஷன் செய்பவள். "நான் தூங்கினாலும் இது தூங்கக் கூடாது" என்று சொல்லிச் சிரித்தவள்.

தூங்காமல் இருந்தது அவள்தான். அதற்கு முந்தின வியாழன் விடியற்காலையில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டாள். வயது இருபத்தொன்பது. இதயம் நின்றுவிட்டது என்றார்களாம் டாக்டர்கள். மெஷினை அணைக்க யாருக்கும் கை வரவில்லை. அது இரண்டு நாள் தானே ஓடி, சனிக்கிழமை புகைந்து நின்றது.

அவள் அப்பா பெங், சிட்டி பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அம்மா லான், காலைச் சிற்றுண்டிக் கடையில் முட்டை அடை போடுகிறவர். ஆற்றுக்கு அக்கரையில் சான்ச்சோங்கில் வீடு. நான்காவது மாடி, லிஃப்ட் கிடையாது.

செவ்வாய் மாலை போனேன். மகளின் அறைக்கும் பெற்றோர் அறைக்கும் நடுவே வெறும் பலகைத் தடுப்பு. அந்தப் பலகையை ஒட்டித்தான் மெஷின் நின்றது. புது பவர் சப்ளையை மாட்டினேன். அதன் பின்பக்கம் ஒரு சின்ன சுவிட்ச் இருந்தது.

"எப்படி வைக்கட்டும்?" என்றேன். "ஒரு பக்கம் தட்டினா இதுக்குள்ள இருக்கிற ஃபேன் எப்பவும் ஓடும். இன்னொரு பக்கம் தட்டினா, மெஷினுக்குக் கனமான வேலை கொடுத்தாத்தான் ஓடும். சும்மா இருந்தா நின்னுடும். சத்தமே வராது."

பெங் நிமிர்ந்தார். "மத்த ஃபேன் எல்லாம்?"

"அதெல்லாம் பெருசு, மெதுவாச் சுத்தும். காதுல விழாது."

"அப்ப… யாராவது உக்காந்து வேலை செஞ்சாத்தான் சத்தம் வரும்?"

"ஆமா."

"அப்படியே வைங்க."

எனக்குப் புரிந்துவிட்டது. ஏழாம் நாள் பிறக்கும் இரவில், பதினொன்றுக்கும் ஒன்றுக்கும் நடுவே, போனவர்கள் ஒருமுறை வீட்டுக்கு வருவார்கள் என்பது எங்கள் நம்பிக்கை. பிடித்ததைச் சமைத்து வைத்துவிட்டு நாங்கள் எல்லோரும் அறைக்குள் கதவைச் சாத்திக்கொள்வோம். பார்க்கக் கூடாது. பேசக் கூடாது. குரல் கேட்டால் அவர்களால் போக முடியாது. சில வீடுகளில் வாசலில் மாவு தூவி வைத்து, காலையில் கால்தடம் தேடுவார்கள். பெங்குக்கு மாவு போதவில்லை. காதால் கேட்க வேண்டியிருந்தது.

"வேண்டாம் மாஸ்டர், எப்பவும் ஓடுற மாதிரியே வைங்க" என்றார் லான். "இல்லேன்னா இந்த மனுஷன் விடிய விடிய பலகையில காதை வெச்சுக்கிட்டுக் கிடப்பார்."

"கிடந்தா உனக்கென்ன?"

"வரலேன்னா? நாளைக்கு உங்க மூஞ்சியை யார் பாக்கறது?"

"முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டினவன். எஞ்சின் சத்தத்துலயே யார் ஏறினாங்கன்னு சொல்லிடுவேன். என் பொண்ணு வந்தா எனக்குத் தெரியணும்."

"ஆமா, பெரிய காது. அவ பக்கத்து ரூம்ல மூச்சு விடாமப் போனப்ப எங்க இருந்துச்சு அந்தக் காது?"

லானே தான் சொன்னதைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "சரி. அவர் சொல்ற மாதிரியே வைங்க" என்று சமையலறைக்குப் போய்விட்டார்.

சுவிட்சைத் தட்டினேன். ஃபேன் நின்றது. இணைய வயரைக் கழற்றினேன். மெஷின் தானாக எந்த வேலையும் தொடங்கக் கூடாது.

பிறகுதான் அந்த ஏமாற்று வேலை. பெங் மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போயிருந்தார். நள்ளிரவு 12:30க்குத் தானே ஓடி, பத்து நிமிடம் மெஷினை முழு வேகத்தில் உழைக்க வைக்கும் ஒரு புரோகிராமைப் போட்டு வைத்தேன். அந்த மனிதர் விடியும்வரை ஒன்றுமே கேட்காமல் படுத்திருப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. பத்து நிமிடச் சத்தம். அவருக்கு அது போதும்.

"ராத்திரி மக்கர் பண்ணினா நான் என்ன செய்வேன்? நீங்களும் இருங்க" என்றார் பெங். இருந்தேன்.

லான் கடைசியாக மகள் அறைக்குப் போய், பன்றி இறைச்சிக் குழம்பு ஊற்றிய சோறும், ஐஸ் போடாத பால் தேநீரும் வைத்துவிட்டு வந்தார். சமையலறையை ஒட்டிய சின்ன அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். நானும் பெங்கும் தடுப்புக்கு இந்தப் பக்கம், தரையில் பாய் விரித்துப் படுத்தோம்.

மணி 11:00. விளக்கை அணைத்தோம்.

பலகை இடுக்கில் அந்த அறையின் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தேன். இல்லை. திரை தானாக அணைந்திருக்கும் என்று நினைத்தேன்.

12:30.

சத்தம் இல்லை.

12:31… 12:35… 12:40. வியர்த்தது. மதியம் பன்னிரண்டரை என்று தவறாகப் போட்டுவிட்டேனா? பக்கத்தில் பெங் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். ஒரு மணி தாண்டியது. வரவேண்டிய நேரம் முடிந்துவிட்டது. அவர் மெல்லத் திரும்பிப் படுத்தார். அழுகிறார் என்று தெரிந்தது.

1:17.

டிக்.

பிறகு… ர்ர்ர்ர்…

ஃபேன்.

பெங் என் மணிக்கட்டைப் பிடித்தார். இருட்டில் அவர் சிரிப்பது எனக்குத் தெரிந்தது. என் புரோகிராம்தான், தாமதமாகக் கிளம்பியிருக்கிறது என்று நினைத்தேன். நினைக்க விரும்பினேன்.

ஆனால் சத்தம் சரியில்லை.

நான் போட்டது ஒரே சீராக ஓட வைக்கும். இது ஏறியது. அரை நிமிடம். இறங்கியது. மறுபடி ஏறியது. ஒரு படம் முடிந்து அடுத்த படம். அனிமேஷன் வேலை ஓடும்போது மட்டும்தான் மெஷின் அப்படி மூச்சு விடும்.

இடுக்கில் இன்னும் வெளிச்சம் இல்லை.

பத்து நிமிடம் ஆனது. நிற்கவில்லை.

2:00. நிற்கவில்லை.

2:30.

"இன்னும் செய்யறா…" என்று பெங் முணுமுணுத்தார். இப்போது அவர் சிரிக்கவில்லை.

3:00.

அவர் எழுந்து உட்கார்ந்தார். பலகையில் உள்ளங்கையை வைத்தார். பேசக் கூடாது என்று அவருக்கும் தெரியும்.

"யாச்சி… போதும்மா."

ஏறியது. இறங்கியது.

"படும்மா… நாளைக்குப் பாத்துக்கலாம்…"

ஏறியது.

4:02.

டிக்.

நின்றது.

பெங் பலகையில் நெற்றியை வைத்தபடி சொன்னார். "தினமும் இந்த நேரம்தான் நிக்கும். பக்கத்துல படுத்துக் கேட்டுக்கிட்டுதான் இருந்தேன். ஒரு நாளும் எழுந்து போய்ச் சொன்னதில்ல."

விடிந்தது. 6:10க்கு அவர் ஊதுவத்தி வாங்கக் கீழே போனார். நான் மகள் அறைக் கதவைத் திறந்தேன்.

சோறு அப்படியே இருந்தது. நாற்காலி மேசைக்குள் தள்ளியே இருந்தது.

மெஷின் அணைந்திருந்தது.

பொத்தானை அமுக்கினேன். உயிர் வரவில்லை. குனிந்து பின்பக்கம் பார்த்தேன். கரண்ட் வயரே இல்லை. மாட்டும் துளை காலியாக இருந்தது.

மெஷினின் தகரத்தில் கை வைத்தேன்.

சூடாக இருந்தது.

பின்னால் லான் நின்றிருந்தார். கறுப்பு வயர் அவர் கையில் இரண்டு சுற்றாகச் சுற்றியிருந்தது. இறுக்கிப் பிடித்ததில் தோலில் தடம் விழுந்திருந்தது.

"நான்தான் புடுங்கினேன்" என்றார். "சோறு வெச்சுட்டு வரும்போது. வந்தா சாப்பிடட்டும், கொஞ்ச நேரம் படுக்கட்டும்னுதான். இது ஓடினா அவ அதுலதான் போய் உக்காருவா."

"எப்பம்மா மறுபடி மாட்டினீங்க?"

"மாட்டலையே. ராத்திரி பூரா என் மடியிலதான் இருந்துச்சு."

மறுபடி தகரத்தைத் தொட்டுப் பார்த்தேன்.

"வேற வழியில ஓடுமா மாஸ்டர்?"

"ஓடாதும்மா."

"அவர்கிட்ட சொல்லாதீங்க. மாட்டிடுங்க."

மாட்டினேன். மெஷின் உயிர் பெற்றது. எப்போது ஓடியது, எப்போது நின்றது என்று மெஷினே எழுதி வைக்கும் குறிப்பைத் திறந்தேன். இரவு 10:46க்குக் கரண்ட் போயிருக்கிறது. அடுத்த வரி காலை 6:19. நான் இப்போது போட்டது. நடுவில் எதுவும் இல்லை. என் புரோகிராம் ஓடவே இல்லை.

இத்தனை வருடமாக யோசிக்கிறேன். எனக்கு விளக்கம் கிடைக்கவில்லை.

படிக்கட்டில் பெங் ஏறி வரும் சத்தம் கேட்டது. லான் ஆறிப்போன சோற்றுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டார். திரையைப் பார்க்காமல், ரொம்பத் தணிந்த குரலில் கேட்டார்.

"உசுரோட இருந்தப்ப ஒரு நாள் புடுங்கியிருக்கணும். இப்ப கரண்ட் இல்லாமலும் வேலை பாக்கறா. இனி நான் எதைப் புடுங்கறது, மாஸ்டர்?"