கொசுவத்திப் புகை

என் கையெழுத்தையும் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள். தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். என் பெயரைப் போட வேண்டாம்.

ஜெலாப்பாங்கில் தொழிற்சாலை ஆட்கள் நால்வர் ஒரே வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். போன வருடம் முனியாண்டி, சண்டைப் படமென்று நினைத்து ஒரு வெள்ளைக்காரப் பட கேசட்டை எடுத்து வந்தான். அதில் சண்டையே இல்லை. இரண்டு வாலிபர்கள் ஒருவரையொருவர் விரும்பினார்கள்.

“காசு குடுத்தாச்சு, பாத்துத் தொலைப்போம் லா,” என்று எல்லோரும் சிரித்துக்கொண்டே பார்த்தார்கள். கடைசியில் ஒருவன் திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறினான்.

எனக்கும் அப்படி ஒருவன் இருந்தான். சுங்காய் பக்கம் ரப்பர் தோட்டத்தில், பக்கத்து நிரை மரங்களில் பால் வெட்டிய ராஜன். இருபது வயதில், வீட்டார் பார்த்து வைத்த கல்யாணத்துக்காக அவனும் அப்படித்தான் பஸ் ஏறினான். என்னை அறியாமல் கண்ணீர் வந்துவிட்டது.

“என்ன அண்ணே, அழுவுறீங்களா?” என்றான் முனியாண்டி. மூவரும் திரும்பினார்கள். தெரிந்தால் அந்த வீட்டில் எனக்கு இடமிருக்காது.

“கொசுவத்திப் புகை லா,” என்றேன்.

“அத தூர வைங்கடா, அண்ணன் கண்ணு அவிஞ்சிரும்.” நம்பிவிட்டான்.

இப்போது யார் படம் போட்டாலும், முதலில் நான் கொசுவத்தியைக் கொளுத்தி என் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன்.

எழுதியது: 1986, தைப்பூசத்துக்கு மறுநாள்.