காசோலையின் பின்பக்கம்

அந்தக் கடித உறையைச் சகலன் தன் மழைச்சட்டைக்குள் வைத்து, நெஞ்சோடு அணைத்தபடி கொண்டுவந்தார். ஜூன் மாதத்து மழை. ஒஸ்லோவின் ஓரத்தில், ஹவுகன்ஸ்டுவாவில் இருந்து நாங்கள் இருக்கும் வெஸ்ட்லிக்கு மேட்டில் நடந்தே வந்திருந்தார். தலையும் சப்பாத்தும் தெப்பமாக நனைந்திருக்க, உறையில் மட்டும் ஒரு துளி ஈரமில்லை. எங்கள் வீட்டுச் சமையலறை மேசையைத் தன் கைலேஞ்சியால் ஒருமுறை துடைத்துவிட்டு, அதை என் முன்னால் வைத்தார்.

“தம்பி, அமெரிக்காவில இருந்து வந்திருக்கு. நோர்வேக்காரன்ரை கடிதம் எண்டால் ஒரு மாதிரி விளங்கிக்கொள்ளுவன். இது வக்கீல்மாரின்ரை இங்கிலீசு. ஒருக்கா வாசிச்சுச் சொல்லும்.”

சகலன் என் மனைவியின் அக்காவின் கணவர். நான் அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். ஒஸ்லோவில் ஒரு பெரிய வைத்தியசாலையின் சலவைப் பகுதியில், நீராவிக்கு நடுவே இருபது வருடங்களுக்கு மேல் வேலை செய்தவர். நான் அவரைவிடப் படித்தவன். அவரைவிட நல்ல வேலையில் இருந்தவன். ஆனாலும் யாழ்ப்பாணத்தில் இருந்து மாமி தொலைபேசி எடுத்தால் முதல் கேள்வி, “மூத்த மருமோன் சுகமாய் இருக்கிறாரோ?” என்பதாகத்தான் இருக்கும். விடுமுறைக்கு இரண்டு குடும்பமும் ஊருக்குப் போனபோது விளைமீனின் தலை அவருடைய சாப்பாட்டுக் கோப்பைக்குத்தான் போனது. நடு முறித் துண்டுகள் எனக்கு வந்தன. ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவன் மீன் தலைக்காகப் பொறாமைப்படுவது வெட்கக்கேடு என்று எனக்குத் தெரியும். வெட்கத்தோடுதான் பொறாமைப்பட்டேன்.

ஒஸ்லோவுக்கு வருவதற்கு முன் பதினேழு வருடங்கள் நான் ஸ்தவாங்கர்ப் பக்கத்தில், கடலில் இருந்து வரும் எரிவாயுவைச் சுத்தப்படுத்திக் குழாய்களில் அனுப்பும் நிலையம் ஒன்றில் தொழில்நுட்பவியலாளனாக இருந்தேன். வால்வுகளைத் திறப்பதும் மூடுவதும் அழுத்தத்தைப் பார்ப்பதும் என் வேலை. எத்தனை நாட்டு அடுப்புகள் என் கையைத் தாண்டிப்போன வாயுவில் எரிந்திருக்கும் என்று சில சமயம் நினைத்துக்கொள்வேன். அந்த வாயு எதுவும் என்னுடையதல்ல. ஆனால் இந்த நாட்டில் அது எவருடையதுமல்ல. கடலுக்கடியில் கிடப்பது முழுவதும் அரசாங்கத்தினது, அதாவது எல்லோருக்கும் பொது. அதனால் அதன்மேல் எனக்கு ஒருநாளும் ஆசையோ எரிச்சலோ வந்ததில்லை.

அமெரிக்காவில் அப்படியல்ல. அங்கே காணிக்காரனுக்குக் காணியின் அடியில் கிடப்பதும் சொந்தமாக இருக்கலாம். சகலனின் தமையனார் பென்சில்வேனியாவில் ஒரு சின்ன ஊரில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். கலியாணம் செய்யவில்லை. கல்லும் மரமும் மானும் மட்டுமே இருந்த நாற்பது ஏக்கர் மலைச்சரிவு ஒன்றை வாங்கி, அதன் அடியில் இருந்த எரிவாயுவை ஒரு கம்பனிக்கு ஐந்து வருடக் குத்தகைக்குக் கொடுத்திருந்தார். மூன்றாம் வருடம் அவர் இறந்துபோக, காணியும் குத்தகையும் தம்பிக்கு வந்து சேர்ந்தன. வாழ்நாளில் ஒரு வால்வைக்கூடத் தொட்டுப் பார்க்காத மனிதன், நின்ற நிலையில் எரிவாயுவுக்குச் சொந்தக்காரன் ஆகிவிட்டார். அந்தச் செய்தி கேட்ட நாளில் இருந்து எனக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. இது மிகைப்படுத்தல் அல்ல. என் மனைவியைக் கேட்டால் சொல்லுவாள்.

கடிதத்தை வாசித்தேன். குத்தகை முடிய நான்கு மாதம் இருந்தது. கூடவே ஒரு காசோலை. ‘உங்கள் வசதிக்காக’ என்று எழுதியிருந்தார்கள். சகலனுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்.

“அண்ணர் சாகிறதுக்குக் கொஞ்சம் முன்னம் என்னோட கதைச்சவர். பக்கத்துக் காணியில காஸ் எடுக்கக் கிணறு தோண்டின பிறகு அந்தச் சனத்தின்ரை தண்ணி கலங்கிப் போச்சாம். தவணை முடிஞ்சால் திரும்பவும் குத்தகைக்குக் குடுத்துப்போடாதை எண்டு சொன்னவர். நானும் ஓம் எண்டனான். இப்ப இந்தக் காசை எடுத்தால் ஏதும் பிழை வருமோ? இல்லாட்டி இது பழைய குத்தகைக்கு வாற காசுதானோ?”

நான் காசோலையைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில், கையெழுத்து வைக்கும் கோட்டுக்கு மேலே, எறும்பு ஊர்ந்ததுபோல மூன்று வரிகள். இதில் கையெழுத்திட்டு மாற்றுகிறவர் குத்தகையை மேலும் ஐந்து வருடத்துக்கு நீட்டிக்கச் சம்மதிக்கிறார் என்று இருந்தது. ஒப்பந்தத்தின் நகலும் சகலனிடம் இருந்தது. அதில் கம்பனி தானாகத் தவணையை நீட்டிக்கும் உரிமை எதுவும் இல்லை. அவர் ஒன்றும் செய்யாமல், ஒரு கையெழுத்தும் வைக்காமல் சும்மா இருந்தாலே போதும், குத்தகை செத்துப்போகும். பதினைந்து நிமிடத்தில் இவ்வளவும் எனக்கு விளங்கிவிட்டது.

“பிழை இல்லை, அண்ணை. போடலாம்,” என்றேன்.

ஏன் சொன்னேன் என்று இத்தனை நாளும் யோசிக்கிறேன். அந்தக் காசால் எனக்கு ஒரு சதமும் வரப்போவதில்லை. அவர் தமையனுக்குக் கொடுத்த வாக்குத் தவறுவதிலும் எனக்கு இலாபம் இல்லை. எதுவும் செய்யாமலே எல்லாம் சரியாக அமைந்துவிடும் அந்த மனிதனுக்கு, ஒருமுறையாவது ஒன்று பிழையாகப் போகட்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான். அவர் நன்றி சொல்லி, தேத்தண்ணி குடித்து, என் பிள்ளைகளின் படிப்பை விசாரித்துவிட்டு மழைக்குள் இறங்கிப் போனார்.

இரண்டு கிழமை கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர்கள் வீட்டில் சாப்பாடு. கைகழுவிவிட்டு வந்து சகலன் காசோலையை எடுத்தார்.

“இஞ்சை ஒரு வங்கியும் இப்ப செக் எடுக்கிறதில்லையாம், தம்பி. வங்கியில நிண்ட பெட்டை இதை ஏதோ பழைய காலத்துச் சாமான் மாதிரித் திருப்பித் திருப்பிப் பாக்குது.” சொல்லிவிட்டுச் சிரித்தார். “ரொரன்ரோவில இருக்கிற ஒரு சொந்தக்காரப் பெடியன், பின்பக்கத்தில கையெழுத்து வைச்சு அனுப்புங்கோ, தான் மாத்தித் தாறன் எண்டு சொல்லுறான். எந்த இடத்தில வைக்கிறது? இதிலயோ?”

சரியாக அந்த மூன்று வரிகளுக்குக் கீழே பேனாவை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டிருக்கவில்லை. நான் காட்டும் இடத்தில் கையெழுத்து வைப்பதற்குக் கண்ணாடி எதற்கு என்று நினைத்திருப்பார். என் வாயில் இன்னும் அவர் வீட்டு இறால் பொரியலின் ருசி இருந்தது.

“வைக்காதேங்கோ, அண்ணை.”

பேனா நின்றது. நான் அந்த வரிகளை வாசித்து, தமிழில் சொன்னேன். அவர் மெதுவாகக் கேட்டார்.

“அண்டைக்கும் இதை வாசிச்சனீரோ?”

“ஓம்.”

“விளங்கினதோ?”

“ஓம்.”

அவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். என்னைப் பார்க்கவில்லை, யன்னலுக்கு வெளியே தொடர்மாடிக் கட்டடங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து மனைவியின் அக்கா தேத்தண்ணித் தட்டத்தோடு வந்தார். “என்ன, ரெண்டு பேரும் பேயறைஞ்ச மாதிரி இருக்கிறியள்?”

“ஒண்டுமில்லை. பிழையான ஒரு கடதாசியில கையெழுத்து வைக்கப் பாத்தனான். தம்பி நல்ல நேரத்தில கண்டு மறிச்சுப்போட்டார்.”

அக்கா என்னைப் பார்த்த பார்வையில் அவ்வளவு நன்றி இருந்தது. சகலன் என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் கோபப்பட்டிருப்பேன், சண்டை பிடித்திருப்பேன், ஒருவேளை இந்தக் கதை அதோடு முடிந்தும் போயிருக்கும். அவர் காப்பாற்றினார். என்னால் அந்த இடத்தில் அப்படிச் செய்திருக்க முடியாது என்று எனக்கு உடனே தெரிந்தது. மீன் தலைக்கும் மலைச்சரிவுக்கும் பட்ட பொறாமை எல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமேயில்லை.

அதன்பிறகு காணி அலுவல் முழுவதையும் நானே பார்த்தேன். பரிகாரம் என்று சொல்லமாட்டேன், சும்மா இருக்க முடியவில்லை. காசோலையை, ஏற்க மறுப்பதாக ஒரு கடிதத்தோடு பதிவுத்தபாலில் திருப்பி அனுப்பினேன். ஒப்பந்தத்தை மீண்டும் வரிவரியாகப் படித்தபோதுதான் மற்ற ஆபத்துகள் தெரிந்தன. தவணை முடிவதற்கு முதல்நாள் கம்பனிக்காரன் ஒரு புல்டோசரைக் கொண்டுவந்து பாதை வெட்டத் தொடங்கினாலே வேலை ஆரம்பித்துவிட்டதாகச் சொல்லிக் குத்தகையைப் பிடித்துவைக்கலாம். பக்கத்துக் காணியின் கிணற்றோடு இந்தக் காணியின் ஒரு மூலையைப் பத்திரத்தில் சேர்த்திருந்தால், அந்தக் கிணற்றில் வாயு வந்துகொண்டிருக்கும்வரை நாற்பது ஏக்கரும் அவர்கள் கையில்தான். நல்லவேளையாக அப்படிச் சேர்த்திருக்கவில்லை. அங்கே தமையனாரின் அயலவர் ஒருவர் இருந்தார், வயதான அமெரிக்கர். கிழமைக்கொரு தடவை அவருக்குத் தொலைபேசி எடுத்து, மலையில் ஏதும் இயந்திரம் ஏறியதா என்று கேட்பேன். இல்லை என்பார். ஒவ்வொரு முறையும் எனக்குள் நிம்மதி வரும். அதற்கு அடியில், ஏறியிருக்கக்கூடாதா என்று ஒன்று மெல்ல முனகும். அதையும் எழுதாவிட்டால் இந்தக் குறிப்புப் பொய்யாகிவிடும்.

ஒக்டோபரில் தவணை முடிந்தது. முடிந்துவிட்டது என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தால் போதாது, குத்தகையை விடுவித்ததாகக் கம்பனியே அந்த ஊர்க் காணிப் பதிவகத்தில் எழுதிப் பதிய வேண்டும். இல்லாவிட்டால் காணி உறுதிப் பத்திரத்தில் அது காலத்துக்கும் தொங்கிக்கொண்டிருக்கும். மூன்று கடிதம் எழுதிய பிறகு, தை மாதத்தில் அந்தப் பத்திரம் வந்தது. சகலன் அதைத் தடவிப் பார்த்தார். “அண்ணருக்குக் குடுத்த வாக்குக் காப்பாத்தியாச்சு,” என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை.

போன கோடையில் அவரும் அக்காவும் முதல்முறையாக அந்தக் காணியைப் பார்க்கப் போனார்கள். நான் வேலை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. அங்கே காலை நேரம்.

“தம்பி, மலையில நிண்டு கதைக்கிறன். சத்தமே இல்லை. ஒரு சின்ன ஆறும் ஓடுது, தண்ணி கண்ணாடி மாதிரி. உம்மடை காஸ் கீழ நல்ல நித்திரையில கிடக்குது.” சிரித்தார். “அடுத்தமுறை நீங்களும் வாங்கோ. உம்மடை உதவி இல்லாட்டி இந்த இடத்துக்கு நான் வந்திருக்க மாட்டன்.”

பார்ப்போம் என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன். அவர் அதை மனதாரச் சொன்னார், குத்தலாக அல்ல. அதுதான் தாங்க முடியவில்லை.

மனைவி உள்ளே இருந்து, “ஆர் எடுத்தது?” என்று கேட்டாள்.

“உம்மடை அத்தான்தான்.”

“இடம் எப்பிடியாம்?”

“பரவாயில்லையாம்,” என்றேன். “ஆனால் சரியான நுளம்புக் கடியாம்.”

நுளம்பைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை.